உப்புப் பலகை

பனிவாசல் கம்பெனிக்கு நான் தர வேண்டியது முப்பத்தோராயிரத்து எழுநூற்று இருபது ரூபாய். செல்போனில் அந்த எண் வந்தபோது முதலில் மூவாயிரத்துச் சொச்சம் என்றுதான் படித்தேன். விரல் வைத்து எண்ணிப் பார்த்த பிறகுதான் இன்னொரு இலக்கம் இருப்பது தெரிந்தது.

நான் நாற்பத்து மூன்று வயதில் எழுத்துப் படித்தவன். என் மகள் தர்ஷிணி ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது சொல்லிக் கொடுத்தாள். ஒரு சொல் தப்பினாலும் முழுப் பக்கத்தையும் பத்துத் தடவை எழுத வைப்பாள். டீச்சர் தன்னைப் படுத்தியதையெல்லாம் என்னிடம் காட்டினாள். அதனால் இன்றைக்கும் எதையும் மடமடவென்று படிக்க வராது. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, இவன் இங்கே எதற்கு நிற்கிறான் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன்.

கடன் வந்த கதை இது.

தர்ஷிணிக்கு வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். ஆரணிக்குப் பக்கத்தில் அரிசி மில் கூலிகளுக்காகக் கட்டிய முப்பத்திரண்டு வீட்டு வரிசையில் எங்களுடையது ஏழாவது. சம்பந்தியம்மா வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. மேலே இருந்த தகரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கூலிங் இல்லாத வீட்டுக்கு எங்க மருமவளை அனுப்ப மாட்டோம். கௌரவத்துக்குக் கேக்கல. போன வருஷம் உங்க தெருவுல இன்னா நடந்ததுன்னு எங்களுக்கும் தெரியும்."

போன வருஷம் ஆனி மாதத்தில், ஒரே வாரத்தில், எங்கள் வரிசையில் இரண்டு தொட்டில்கள் காலியாயின. அக்னி நட்சத்திரம் வைகாசியோடு போவதெல்லாம் அந்தக் காலம். இப்போது அது ஆடி பிறந்தும் போவதில்லை.

டவுனில் விசாரித்தேன். சுவருக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பெட்டி வைக்கிற நல்ல மெஷின் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பழையது நாற்பதாயிரத்துக்குக் கிடைத்தது, ஆனால் அதை ஓட்டினால் வரிசை முழுக்க மின்சாரம் போய்விடும் என்றார்கள். எட்டாவது வீட்டுத் துளசிராமன்தான் செல்போனை நீட்டினான்.

"மாமா, பனிவாசலைப் பாரு. கடை கிடையாது, கமிஷன் கிடையாது, கம்பெனியிலேருந்து நேரா வீட்டுக்கு. இருபத்தேழாயிரம்தான். மொதல்ல மூணாயிரம் கட்டுனா மாட்டிட்டுப் போயிடுவான். மார்கழியில சூடும் குடுக்குதாம்."

"மார்கழி சூடு எவனுக்குடா வேணும்? வெளிப்பெட்டி எங்க?"

"கெடையாது. அதான் விலை கம்மி."

"வெளிப்பெட்டி இல்லாம உள்ள இருக்கிற சூடு எங்க போவும்?"

"எனக்கு இன்னா தெரியும்? நாலரை நட்சத்திரம் போட்டிருக்காங்க. ஊர் உலகமே முட்டாளா? நீ ஒருத்தன்தான் புத்திசாலியா?"

நான் மில்லில் முப்பது வருஷமாக அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காயவைக்கிறவன். சூடு ஒரு இடத்தை விட்டால் இன்னொரு இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பது என் உள்ளங்காலுக்குத் தெரியும். அதனால் கம்பெனி எண்ணுக்கே போன் போட்டேன். ஒரு பெண் குரல் எடுத்தது. மூச்சே விடாத குரல், மனுஷி இல்லை.

"வணக்கம் அண்ணா! உங்கள் வீட்டுச் சூடு அடியில் இருக்கும் உப்புப் பலகையில் சேரும் அண்ணா. உள்ளே அடைத்த உப்பு சூட்டைப் பிடித்து வைக்கும் அண்ணா. தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் வண்டி வந்து நிரம்பிய பலகையை எடுத்துக்கொண்டு காலிப் பலகையை வைத்துவிடும் அண்ணா. அப்புறப்படுத்தும் கட்டணம் ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய் மட்டுமே அண்ணா."

"எடுத்துட்டுப் போயி இன்னா பண்ணுவீங்க?"

"பாதுகாப்பாக அப்புறப்படுத்துவோம் அண்ணா."

"எங்க?"

"பாதுகாப்பான இடத்தில் அண்ணா."

மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதே சொல். பொய் சொல்கிற மனுஷன் மூன்றாவது தடவை கொஞ்சமாவது மாற்றிச் சொல்வான். இந்தக் குரல் மாறாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என்ன செய்வது? மாசி முடியப் போகிறது. மூவாயிரம் கட்டினேன். பதினான்கு பக்க ஒப்பந்தம் செல்போனில் வந்தது. நான் முதல் பக்கத்தில் பாதி படிப்பதற்குள், மாட்ட வந்த ஆள் என் கட்டை விரலைப் பிடித்து அழுத்திவிட்டுப் போய்விட்டான்.

மெஷின் நன்றாகத்தான் ஓடியது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். பங்குனியில் பேரன் பிறந்தான். வெளியில் நாற்பத்தாறு டிகிரி கொதிக்க, உள்ளே அவன் கம்பளித் துணியில் சுருண்டு தூங்கினான். என் மனைவி பச்சையம்மா அந்த மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைக்காத குறை.

பிரசவமான பெண்ணுக்கு நாற்பது நாள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்ற வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட வெந்நீர். ஒரு அண்டாத் தண்ணீர் கொதிக்க எவ்வளவு கேஸ் போகும்? பச்சையம்மா ஒரு நாள் விடியற்காலையில் மெஷினின் அடி மூடியைத் திறந்து பார்த்திருக்கிறாள். பலகையின் மேல்தகடு தோசைக்கல் மாதிரி தகித்திருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள், சுரீரென்று போனது. அண்டாவைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டாள். வண்டி வருவதற்குள் தண்ணீர் கொதித்துவிட்டது.

"கொண்டு போயி கொட்டப் போற சூடுதானேய்யா," என்றாள் என்னிடம். "நம்ம வீட்டுச் சூடு. நம்ம பொண்ணுக்கு ஆவட்டுமே."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாற்பது நாளும் அப்படியே நடந்தது. அண்டாவிலிருந்து வழிந்த மஞ்சள் தண்ணீர் தகட்டின்மேல் வட்டமாகக் கறையாகி, எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற இரண்டு பலகைகளிலும் வளையம் விழுந்துவிட்டது.

வைகாசியில் கணக்கு வந்தது. கட்டிய தவணை போக மெஷின் பாக்கி பதினெட்டாயிரம், அது சரி. அதன் கீழே இன்னொரு வரி: "வெப்பக் குறைவு அபராதம், 40 நாள், நாளொன்றுக்கு ரூ. 312. மொத்தம் ரூ. 12,480."

தர்ஷிணியிடம் காட்டினேன். அவளும் இரண்டு முறை படித்தாள்.

"பலகை முழுசா நிரம்பாம போயிருக்குன்னு சொல்றாங்கப்பா."

"நிரம்பலன்னா அவனுக்கு இன்னாம்மா நஷ்டம்?"

"அதான் எனக்கும் புரியல."

"குப்பை அள்ளுறவன் வீட்டுல குப்பை கொறையுதுன்னு அபராதம் போடுவானா?"

பச்சையம்மா குழந்தைக்குக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தாள். "அப்ப அது குப்பை இல்லய்யா," என்றாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. நாற்பது ரூபாய் கட்டுவதை நிறுத்தினேன். காலையில் பலகை எடுக்க வரும் சலாவுதீனை மடக்கினேன். ஆம்பூர்க்காரன், முப்பது வயதிருக்கும், முகத்தில் எப்போதும் வியர்வை.

"தம்பி, இதைக் கொண்டு போயி எங்க கொட்டுற?"

"ணா, நான் வண்டி ஓட்டுறவன். என்னைக் கேக்காதீங்க."

"கொட்டுற எடம் உனக்குத் தெரியாம வண்டி தானா போவுதா?"

"தெரிஞ்சா மட்டும் இன்னா பண்ணுவீங்க? இந்த வண்டியும் அவங்களுதுதான். மாசா மாசம் எனக்கும் தவணை இருக்குது." பலகையைத் தூக்கி அடுக்கினான். கதவைச் சாத்தும்போது என்னைப் பார்க்காமல் சொன்னான்: "நீங்க வேலைக்குப் போற வழிதான் நானும் போறேன்."

அவன் போனபின் அதை நெடுநேரம் உருட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மில்லில் உமி எரிக்கிற பழைய பாய்லரை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. பின்பக்கம் புதிதாக ஒரு தகரக் கொட்டகை போட்டு இரும்புக் கதவு வைத்திருக்கிறார்கள். "புது பாய்லர். புகையே வராது. யாரும் உள்ள போவக் கூடாது," என்று மேஸ்திரி முனிரத்தினம் சொல்லிவிட்டார். புகை வராததில் எங்களுக்குச் சந்தோஷம். ஏன் வரவில்லை என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

மூன்று வாரம் பொறுத்திருந்தேன். ஒரு நாள் கொட்டகை ஆள் ஒருத்தன் மயங்கி விழுந்துவிட்டான். அங்கே அப்படி வாரத்துக்கு ஒருத்தன் விழுவது வழக்கம்.

"மேஸ்திரி, நான் போறேன்," என்றேன்.

"உனக்கு அம்பத்தாறு வயசு. செத்துக் கித்துத் தொலைக்காத."

"செத்தா நெல்லோட சேத்து அவிச்சுடுங்க."

சிரித்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே சுவர் முழுக்க இரும்பு அடுக்கு. அடுக்கில் உப்புப் பலகைகள். நானூறு, ஐந்நூறு இருக்கும். அவற்றின்மேல் வளைந்து வளைந்து குழாய்கள் ஓடின. ஒரு பக்கம் பச்சைத் தண்ணீராக நுழைந்தது, மறுபக்கம் ஆவியாகச் சீறிக்கொண்டு நெல் அவிக்கும் தொட்டிக்குப் போனது. ஊர் வீடுகளின் சூடெல்லாம் அங்கே வரிசையில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நான்காவது அடுக்கில், கண்ணுக்கு நேராக, மஞ்சள் வளையம் போட்ட பலகை இருந்தது. கையை வைக்க முடியாத சூடு. இருந்தும் ஒரு நொடி வைத்தேன். என் மகள் குளித்த கறை அது.

கதவோரம் ஒரு அட்டையில் சீட்டுகள் சொருகியிருந்தன. விரல் வைத்துப் படித்தேன். பனிவாசலிடமிருந்து வாங்கியது, நிரம்பிய பலகை ஒன்றுக்கு ரூ. 312.

எடுத்துப் போவதற்கு நான் நாற்பது கொடுக்கிறேன். எடுத்துப் போனதற்கு மில் முந்நூற்றுப் பன்னிரண்டு கொடுக்கிறது. அந்தச் சூட்டில் அவிந்த நெல்லை நான் களத்தில் வெயிலில் நின்று பரப்புகிறேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், என் உடம்பில் ஏறிய சூட்டையும் அதே மெஷினுக்குக் கொடுக்கிறேன்.

அன்று மாலையே போன் போட்டேன்.

"வணக்கம் அண்ணா!"

"உங்க பாதுகாப்பான எடத்தைப் பாத்துட்டேன்மா. எங்க மில்லுதான் அது."

ஒரு விநாடிகூட தயங்கவில்லை அந்தக் குரல். "உங்கள் நிலுவைத் தொகை முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய் அண்ணா. செலுத்தாவிட்டால் வண்டி நிறுத்தப்படும் அண்ணா."

"நிறுத்தினா?"

"பலகை நிரம்பியதும் பாதுகாப்புக்காக மெஷின் வெப்பத்தை அறைக்குள் திருப்பி வெளியேற்றும் அண்ணா. குளிர்காலத்தில் வேலை செய்வது போலவே அண்ணா."

எட்டு நாள் விட்டு, சொன்னபடி செய்தார்கள். கணக்கு முந்நூற்று இருபது ஏறியிருந்தது. விடிந்தும் வண்டி வரவில்லை. பகல் பதினொரு மணிக்கு மெஷின் ஒரு முறை கனைத்தது. பிறகு வாயிலிருந்து சூட்டை ஊத ஆரம்பித்தது. நேற்றைய பகலின் சூடு முழுவதும் ஒரே மூச்சில் வீட்டுக்குள் திரும்பி வந்தது. பச்சையம்மா சுவிட்சை அணைத்தாள், நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினாள், அப்போதும் நிற்கவில்லை. பலகையில் இருந்த சூட்டிலேயே ஓடியது.

மில்லுக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஓடி வந்தபோது குழந்தை அழுது முடித்திருந்தான். அழாமல் வாயைத் திறந்து திறந்து மூடினான். ஈரச்சாக்கைத் தோளில் போட்டு, இருபத்திரண்டு கிலோப் பலகையை உருவித் தூக்கி வெளியே கொண்டுபோய் வைத்தேன். முதுகுத் தோல் உரிந்தது.

"மாமா, என் செவுத்தோரம் வெக்காத!" துளசிராமன் கத்தினான். "என் மெஷின் அந்தச் சூட்டையும் சேத்து இழுக்குது. என் பலகை மத்தியானத்துலயே ரொம்பிப் போச்சு!"

"ரொம்பட்டும். ஒனக்கு அபராதம் வராது. சந்தோஷப்படு."

"கடனைக் கட்டித் தொலைய வேண்டியதுதானே?"

"எது கடன்னு மொதல்ல பாக்கறேன்."

தர்ஷிணி ஈரத்துணியில் பிள்ளையைச் சுற்றி, ஏசி ஓடுகிற மில் ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். முனிரத்தினம் மேஸ்திரி இடம் விட்டார். இரவு அங்கேதான். சம்பந்தியம்மா போனில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வர்றோம்ணே. பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுறோம்." ஐந்தாம் மாதம் முறையாகச் சீரோடு அனுப்ப வேண்டியவளை மூன்றாம் மாதமே பயந்து கூட்டிப்போகிறார்கள். அந்த வீட்டுக்கு மூன்று பஸ் மாற வேண்டும். அந்த வெயிலில், அந்தப் பிள்ளையோடு.

எனக்கு மூன்று நாள் இருந்தது. பதினான்கு பக்க ஒப்பந்தத்தை எடுத்தேன். எல்லோரும் கட்டை விரலால் தள்ளிவிட்டுப் போகிற பக்கங்கள். எனக்குத் தள்ளத் தெரியாது. இரண்டு நாள் களத்துக்குப் போகவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது:

"பலகையில் சேரும் வெப்பம், சேர்ந்த நொடியிலிருந்து நிறுவனத்தின் சொத்து."

தர்ஷிணி எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "அப்ப அபராதம் சரிதான்பா. அவங்க சொத்துல அம்மா வெந்நீர் போட்டிருக்காங்க."

நான் மில் கிடங்கை நினைத்துக்கொண்டேன். வியாபாரிகள் நெல்லை எங்கள் கிடங்கில் போட்டுவிட்டுப் போவார்கள். நெல் அவர்களுடையதுதான், ஒரு பிடி எடுத்தாலும் திருட்டுதான். ஆனால் ஒரு ராத்திரி தங்கினால் கிடங்கு வாடகை. காவல் கூலி தனி. முப்பது வருஷத்தில் வாடகை கொடுக்காமல் ஒரு மூட்டைகூட அந்தக் கதவைத் தாண்டி வெளியே போனதில்லை.

"பேப்பர் எடும்மா," என்றேன்.

நானே எழுதினேன். அவள் எழுதித் தருகிறேன் என்றாள், விடவில்லை.

"ஐயா, சூடு உங்கள் சொத்து என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சொத்தை வண்டி வராத இரண்டு ராத்திரியும் சேர்த்து நூற்றுப் பதினெட்டு ராத்திரி என் வீட்டில் வைத்திருந்தீர்கள். இடம் கேட்கவில்லை. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் கொதிக்கிற சரக்கு. எங்கள் மில் வழக்கப்படி கிடங்கு வாடகை இருபது, ராத்திரிக் காவல் கூலி இருநூற்று எண்பது. நூற்றுப் பதினெட்டு ராத்திரிக்கு முப்பத்தைந்தாயிரத்து நானூறு. என் பாக்கி முப்பத்தோராயிரத்து எழுநூற்று இருபது போக, நீங்கள் எனக்குத் தர வேண்டியது மூவாயிரத்து அறுநூற்று எண்பது. தராவிட்டால் சரக்கை வெளியே விடமாட்டேன். இப்படிக்கு, தனகோட்டி, ஏழாவது வீடு."

முதல் தடவை 'சொத்து'க்கு ஒற்று விட்டுப்போனது. தர்ஷிணி தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாவதில் கணக்கு இடறியது. பழக்கம் விடுமா? பத்துத் தடவை எழுதினேன். பத்தாவதுதான் பிழையில்லாமல் வந்தது. அதைப் படம் பிடித்து அவள் கம்பெனிக்கு அனுப்பினாள். தாளைச் சலாவுதீன் கையில் கொடுத்தேன். பக்கத்து வீடுகளுக்குப் பலகை எடுக்க வந்தவன், பனியன் பைக்குள் வைக்குமுன் அங்கேயே நின்று முழுக்கப் படித்தான்.

"ணா, வண்டிக்கும் இதே மாதிரி எழுதலாமா?" என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. 'வணக்கம் அண்ணா' இல்லை. ஒரு ஆண் குரல். மூச்சு விடுவது கேட்டது, மனுஷன்.

"தனகோட்டிங்களா? சார், உங்க லெட்டர் பார்த்தோம். சின்னத் தவறு நடந்திருக்கு. உங்க நிலுவையை முழுசா ரத்து பண்ணிடுறோம். மெஷின் உங்களுக்கே. வண்டி நாளைக்கே வரும், கட்டணம் கிடையாது."

முப்பது வருஷத்தில் என்னை யாரும் சார் என்றதில்லை. அதனாலேயே பயமாக இருந்தது.

"மூவாயிரத்து அறுநூற்று எண்பது?"

"அதை மட்டும் நீங்க விட்டுக்குடுக்கணும். இன்னொரு விஷயம் சார்... இந்த லெட்டர் வேற யார்கிட்டயாவது இருக்கா?"

நான் வாசலைப் பார்த்தேன். பிழையான ஒன்பது தாள்களையும் பச்சையம்மா அடுப்புக்கு வைத்திருந்தாள். முந்தின நாள் துளசிராமன் சண்டைக்கு வந்தவன், அதில் ஒன்றைப் படித்துவிட்டு, ஒன்பதையும் மடித்து எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

"நல்லா எழுதுனது ஒண்ணுதான் சார்," என்றேன். "அது உங்ககிட்டதான் இருக்குது."

"ரொம்ப நன்றி சார்."

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. பேரன் மடியில் கிடந்தான். ஒரு கையால் அவனுக்கு விசிறிக்கொண்டே படித்தேன். நிலுவைத் தொகை: ரூ. 0. அந்தப் பூஜ்யத்துக்கு முன்னால் ஏதாவது இலக்கம் ஒளிந்திருக்கிறதா, பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கீழே தள்ளிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

எட்டாவது வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. துளசிராமன் நடுவில் நின்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தான், நான் ஒற்று விட்ட இடத்தில் தடுக்கி, கணக்கு இடறிய இடத்தில் நின்று, திருத்தி. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவரவர் வீட்டு ராத்திரிகளை எண்ணி எழுதிக்கொண்டிருந்தார்கள்.